மகளுக்கான ஜீவனாம்சத்தை உயர்த்த வேண்டும்: தொகையை எப்படிக் கணக்கிடுவது, எந்தப் பிரிவில் மனுப் போடுவது?

மதுரைக்காரி எழுதியது:

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். விவரத்தை மட்டும் தருகிறேன்.

2021-ல் மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து, இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில். மகளுக்கு அப்போது 6 வயது, இப்போது 10. தாயிடம்தான் வளர்கிறாள். மகளுக்கு மாதம் 8,000 என்று கூட்டு மனுவில் எழுதி, டிகிரியிலும் (நீதிமன்றத் தீர்ப்பாணையிலும்) அது வந்திருக்கிறது. தங்கை தனக்கு எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். "எதிர்காலத்தில் மேற்கொண்டு எந்தத் தொகையும் கேட்கமாட்டேன்" என்று ஒரு வரியும் மனுவில் இருக்கிறது.

அப்போது அவர் சம்பளம் 55,000. இப்போது மொத்தச் சம்பளம் 1,10,000. "கைக்கு 88,000தான் வருது, அதுல வீட்டுக் கடன் 31,000 போயிடுது" என்று சம்பளச் சீட்டையே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மறுமணம் ஆகி ஒரு குழந்தை. அந்த மனைவிக்கு வருமானம் இல்லை. தங்கைக்குப் பிடித்தம் போக 24,000.

சம்பளத்தில் 25 சதவீதம்தான் சட்டப்படி உச்சம் என்கிறார்கள், அது சரியா? "கேட்கமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்த பிறகு கேட்க முடியுமா? முடியும் என்றால் எந்தச் சட்டத்தில், எவ்வளவு? கேட்டவுடன் கோபத்தில் 8,000-ஐயும் நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

வைகைக்கரை வக்கீல் எழுதியது:

மேடம், 25 சதவீதம் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. 2017-ல் கொல்கத்தா உயர்நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கில், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்குத் தருவது நியாயமாக இருக்கும் என்று சொன்னார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பேசுகிறார்கள். அதே தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. அவருடைய நிகரச் சம்பளம் 95,527. உயர்நீதிமன்றம் கொடுத்தது 23,000. கணவருக்கு மறுமணமாகி ஒரு குழந்தை இருக்கிறது என்பதால் உச்ச நீதிமன்றம் அதை மனைவி, மகன் இருவருக்குமாக 20,000 ஆக்கியது. 25 என்று சொன்ன தீர்ப்பே 21-ல்தான் நின்றது. உங்கள் வழக்குக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று: மறுமணத்துக்கும் இரண்டாவது குழந்தைக்கும் அங்கே கிடைத்த தள்ளுபடி மாதம் 3,000. அதைக் காட்டி முதல் குழந்தையின் தொகையை மொத்தமாக இல்லாமல் ஆக்க முடியாது.

"கேட்கமாட்டேன்" வரி உங்கள் தங்கையை வேண்டுமானால் கட்டும், மகளைக் கட்டாது. தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம், குழந்தையின் உரிமையை அவர் பேரம் பேச முடியாது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956-ன் 25-வது பிரிவும் இதற்குத் துணை: தொகையை நீதிமன்றம் நிர்ணயித்திருந்தாலும் சரி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் சரி, சூழ்நிலையில் முக்கியமான மாற்றம் வந்தால் தொகையை மாற்றலாம்.

மனு இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில், அதே மதுரை நீதிமன்றத்தில், பழைய ஓ.பி. (மூல மனு) எண்ணைக் குறிப்பிட்டு. டிகிரிக்குப் பிறகும் பிள்ளைகளின் பராமரிப்பு, படிப்பு பற்றிய உத்தரவை அவ்வப்போது மாற்ற அந்தப் பிரிவு இடம் தருகிறது. மனுவின் உயிர் ஒரே பத்தியில்தான் இருக்கும்: 2021-ல் என்ன நிலை, இன்று என்ன நிலை. வகுப்பு, பள்ளிக் கட்டணம், வாடகை, அவர் சம்பளம், தங்கை சம்பளம் எல்லாவற்றையும் இரண்டு கட்டமாகப் போட்டுக் காட்டுங்கள். "8,000 போதவில்லை" என்று மட்டும் எழுதினால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வியே "அன்றைக்குப் போதும் என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்பதுதான். பழைய கூட்டு மனுவில் அவர் சம்பளம் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் 2021-க்கான பாரம் 16-ஐ (கம்பெனி தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்று) அவர் தாக்கல் செய்யச் சொல்லி தனியாக ஒரு ஐ.ஏ. (இடைநிலை மனு) போட வேண்டியிருக்கும்.

கடலூர் கணேசு எழுதியது:

26-ல் போவதற்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144-ல் (பழைய 125) மகள் பெயரில் புது எம்.சி. (பராமரிப்பு வழக்கு) போட்டால் நல்லது இல்லையா? கட்டாவிட்டால் உள்ளே தள்ளலாம். உரிமையியல் பக்கம் போனால் இழுத்துக்கொண்டே இருக்கும்.

வைகைக்கரை வக்கீல் எழுதியது:

ஆசை நியாயம்தான், ஆனால் இந்த வழக்கில் அது சிக்கலில் கொண்டு விடும். 2020 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, வேறு சட்டத்தில் ஏற்கெனவே உத்தரவு இருந்தால் புது மனுவில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அந்தத் தொகை கழித்துக்கொள்ளப்படும். இரண்டு, பழைய உத்தரவை மாற்ற வேண்டும் என்றால் அது பிறந்த அதே நடவடிக்கையில்தான் மாற்ற வேண்டும். 8,000 பிறந்தது 13பி ஓ.பி.யில். அதனால் 26.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கும். தொகையை உயர்த்த பி.என்.எஸ்.எஸ். 146 (பழைய 127) என்று எங்கோ படித்துவிட்டு அதில் போடுவார்கள். 146 என்பது 144-ல் உத்தரவு வாங்கியவர்களுக்கு. உங்களுக்கு அப்படி ஓர் உத்தரவே இல்லை, மனு நம்பர் ஆகாமல் ரிட்டர்ன் ஆகும்.

மற்ற வாசகர்களுக்காக: 144 எல்லா மதத்தாருக்கும் பொது. முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அது உண்டு என்பதை 1997-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டத்திலும், சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கு அதன் 38-வது பிரிவிலும் இதே போன்ற வழி இருக்கிறது.

பற்றுவரவு எழுதியது:

கணக்குப் பக்கம் நான் வருகிறேன். முதலில் அந்தச் சம்பளச் சீட்டு. "கைக்கு 88,000" என்பது அவர் விரும்பும் எண், நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் எண் அல்ல. சட்டம் கட்டாயமாகப் பிடிப்பதை மட்டும்தான் கழிப்பார்கள்: வருமான வரி, தொழில் வரி, கட்டாய பி.எஃப். தானாக விரும்பிப் பிடிக்கச் சொன்ன வி.பி.எஃப்., சொசைட்டிக் கடன், பண்டிகை அட்வான்ஸ், எல்.ஐ.சி., வீட்டுக் கடன் தவணை இதெல்லாம் அவரவர் சேமிப்பு அல்லது சொத்து. பொதுவாகக் கழிக்கமாட்டார்கள். சீட்டில் பிடித்தங்கள் இருக்கும் வலது பக்கத்தை வரி வரியாகப் பாருங்கள். உதாரணத்துக்கு அது இப்படி இருக்கிறது என்று வைப்போம்: பி.எஃப். 5,400, வருமான வரி 3,900, தொழில் வரி மாதக் கணக்கில் 200, வி.பி.எஃப். 7,000, சொசைட்டிக் கடன் 5,500. எல்லாம் கழித்தால் 88,000 வரும். முதல் மூன்றை மட்டும் கழித்தால் 1,00,500. இந்த 12,500 வித்தியாசத்தை யாரும் கேட்காவிட்டால் 88,000 என்பதே உத்தரவில் ஏறிவிடும்.

அடுத்து மகளின் செலவு. ஆண்டுச் செலவு எல்லாவற்றையும் 12-ஆல் வகுத்து மாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலர் ஜூன் மாதச் செலவை அப்படியே மாதச் செலவாக எழுதிவிட்டு, குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வார்கள். மாதிரிக்கு ஒரு பட்டியல், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்:

பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 66,000: மாதம் 5,500
வேன் மாதம் 1,800, ஆனால் 10 மாதம்தான்: 1,500
புத்தகம், சீருடை, ஷூ 9,600: 800
டியூஷன்: 1,500
சாப்பாடு, பால், பழம்: 5,000
துணிமணி, பண்டிகை 12,000: 1,000
மருத்துவம், கண்ணாடி, காப்பீட்டு பிரீமியம் 14,400: 1,200
வாடகை 9,000-ல் மகளின் பங்கு: 3,000
மின்சாரம், கேஸ், இன்டர்நெட்டில் பங்கு: 700
செஸ் வகுப்பு: 1,000

மொத்தம் 21,200. வாடகையில் பாதி போடாமல் மூன்றில் ஒரு பங்கு போட்டதைக் கவனியுங்கள். மகள் இல்லாவிட்டாலும் தாய்க்கு ஒரு வீடு வேண்டும்தானே என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். மூன்றில் ஒன்று என்றால் அந்த வாதம் எடுபடாது.

இதை இருவர் வருமான விகிதத்தில் பிரிக்க வேண்டும். 2000-ல் உச்ச நீதிமன்றம், தாயும் தந்தையும் இருவரும் சம்பாதித்த ஒரு வழக்கில், குழந்தை ஒன்றுக்கு மாதம் 3,000 என்று வைத்து அதைத் தந்தைக்கு 2 பங்கு, தாய்க்கு 1 பங்கு என்று பிரித்தது. ரஜ்னேஷ் தீர்ப்பும் படிப்புச் செலவு பொதுவாகத் தந்தையுடையது, தாய் போதுமான அளவு சம்பாதித்தால் விகிதப்படி பிரிக்கலாம் என்கிறது. இங்கே 1,00,500-ம் 24,000-ம் சேர்ந்து 1,24,500. தந்தையின் பங்கு 80.7 சதவீதம். 21,200-ல் அது சுமார் 17,100. தாயின் பங்கு 4,100. தாய் பணமாகக் கொடுப்பது இது. சமைப்பது, பாடம் சொல்லிக் கொடுப்பது, காய்ச்சல் என்றால் லீவு போடுவது இதற்கு மேல். இதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.

சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. டெல்லி உயர்நீதிமன்றம் 2004-ல் ஒரு வழக்கில் குடும்ப வருமானத்தை ஒரு கேக் போலப் பங்கிட்டது. சம்பாதிக்கிறவருக்கு 2 பங்கு, அவரை நம்பி இருக்கும் ஒவ்வொருவருக்கும் 1 பங்கு. இங்கே அவருக்கு 2, இப்போதைய மனைவிக்கு 1, அந்தக் குழந்தைக்கு 1, உங்கள் வீட்டு மகளுக்கு 1, ஆக 5. 1,00,500-ஐ 5-ஆல் வகுத்தால் 20,100. தமிழ்நாட்டு நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் அவருடைய புதுக் குடும்பத்தையும் கணக்கில் சேர்த்த பிறகும் 17,100 அதற்குள் அடங்குகிறது என்று காட்ட இதைவிட எளிய வழி கிடையாது. செஸ், டியூஷனில் நீதிமன்றம் கை வைக்கலாம். அவை இரண்டும் போனால் 18,700-ல் 80.7 சதவீதம், சுமார் 15,100. ஆகவே 17,000 கேளுங்கள், 15,000-க்குக் கீழே சமரசத்துக்கு இறங்க வேண்டாம். 30,000 என்று எழுதிவிட்டுப் பிறகு பேரம் பேசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பட்டியல் முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

மதுரைக்காரி எழுதியது:

நன்றி. வலது பக்கம் பார்த்தேன், வி.பி.எஃப். இருக்கிறது! ரசீது விஷயம்தான் உதைக்கிறது. டியூஷன், வேன் இரண்டும் ரொக்கம். தங்கைக்கு வீட்டில் தையல் வருமானமும் மாதம் 3,000 வரும், அதை எழுதத்தான் வேண்டுமா?

பற்றுவரவு எழுதியது:

எழுதத்தான் வேண்டும். ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வது கட்டாயம். பொய் என்று தெரிந்தால் பொய்ச் சாட்சியத்துக்கான நடவடிக்கைக்கே அந்தத் தீர்ப்பு இடம் தருகிறது. அதைவிட, 3,000-ஐ மறைத்து மாட்டிக்கொண்டால் அவருடைய 12,500 பற்றி நீங்கள் பேசும் தகுதி போய்விடும். சேர்த்தால்தான் என்ன ஆகிறது பாருங்கள்: தாய் 27,000, மொத்தம் 1,27,500, தந்தையின் பங்கு 78.8 சதவீதம், சுமார் 16,700. மாதம் 400 ரூபாய் வித்தியாசம். அதற்காகப் பொய் சொல்லத் தேவையில்லை.

பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெற்றாக விடாதீர்கள். இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். நகை, சீட்டு, மகள் பெயரில் உள்ள செல்வமகள் கணக்கு எல்லாம் வரட்டும். ரொக்கச் செலவுக்கு: இந்த மாதம் முதல் வேன்காரருக்கும் டியூஷன் டீச்சருக்கும் யு.பி.ஐ.யில் அனுப்புங்கள், குறிப்பில் மகள் பெயரும் மாதமும் போடுங்கள். மனு விசாரணைக்கு வருவதற்குள் நாலைந்து மாத ஆதாரம் சேர்ந்துவிடும். பள்ளியில் கட்டண விவரத்தை லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள், இந்த ஆண்டுக்கும் 2021-க்கும் சேர்த்து. வாட்ஸ்அப்பில் வந்த சம்பளச் சீட்டைப் பிரின்ட் மட்டும் எடுத்துக் கொடுக்காமல் பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுச் சான்றிதழோடு (மின்னணு ஆதாரத்துக்கானது) கொடுங்கள். அந்தச் செய்தி இருக்கும் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம்.

அவர் சொந்தத் தொழில் செய்பவராக இருந்தால் வேலை இன்னும் கடினம், வருமான வரிக் கணக்கில் 5 லட்சம் காட்டிவிட்டுப் போவார்கள். அப்போது வங்கிக் கணக்கு அறிக்கையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் வாங்கியதாகச் சொல்லப்படும் நிலத்தின் ஊரும் சர்வே எண்ணும் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு அது தேவைப்படாது.

பெயர் வேண்டாம் எழுதியது:

கட்டுகிறவர் பக்கமும் யாராவது சொல்லுங்கள். உத்தரவு இருக்கும்போது வேலை போய்விட்டால்? பாதித் தொகை கட்டினால் போதுமா?

படிக்கட்டு எழுதியது:

போதாது. உத்தரவை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். நீங்களாகக் குறைத்த ஒவ்வொரு மாதமும் மீதி பாக்கியாக ஏறிக்கொண்டே போகும். ஆறு மாதம் கழித்து "அப்போது வேலை இல்லை" என்று சொன்னால் ஏறிய பாக்கி பெரும்பாலும் இறங்காது. குறைப்பு என்பது பொதுவாக மனுப் போட்ட தேதியிலிருந்துதான். அதனால் வேலை போன மாதமே குறைப்பு மனு, உத்தரவு 144-ல் வந்தது என்றால் 146-ல், 26-ல் வந்தது என்றால் 26-ல். பணிநீக்கக் கடிதம், கடைசி செட்டில்மென்ட் விவரம், வங்கி அறிக்கை, வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள் எல்லாம் வேண்டும். செட்டில்மென்டில் வந்த கிராஜுவிட்டி, லீவுச் சம்பளத்தை மறைக்காதீர்கள், அதுதான் முதலில் கேட்கப்படும். தானாக ராஜினாமா செய்தவருக்கு அனுதாபம் கிடைப்பது அபூர்வம். உடல் தெம்பு இருக்கிறவர் கூலி வேலை செய்தாவது கொடுக்க வேண்டும் என்று 2022-ல்கூட உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படிப்பும் அனுபவமும் வைத்து எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று நீதிமன்றமே கணித்துக்கொள்ளும்.

மனு நிலுவையில் இருக்கும்போது முடிந்ததைக் கட்டிக்கொண்டே இருங்கள், வங்கி வழியாக மட்டும், "ஜூலை ஜீவனாம்சம்" என்று குறிப்போடு. ரொக்கமாகக் கொடுத்தது கொடுக்காததற்குச் சமம். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிள், தீபாவளித் துணி எதையும் தொகையில் கழிக்க முடியாது. பள்ளிக்கு நேரே கட்டியதையும் உத்தரவில் அப்படிச் சொல்லியிருந்தால்தான் கழிக்கலாம். பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பதும் நிறுத்தக் காரணம் ஆகாது. பார்ப்பதற்குத் தனி மனு இருக்கிறது, அதைப் போடுங்கள்.

வாங்குகிறவர் பக்கம், மதுரைக்காரி மேடத்தின் கடைசிக் கேள்வி. 8,000-ஐ நிறுத்தினால் அதே நீதிமன்றத்தில் ஈ.பி. (டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) போடலாம். 13பி டிகிரி உரிமையியல் டிகிரி போலவே நிறைவேற்றப்படும், ஒவ்வொரு தவணையும் தவறிய நாளிலிருந்து 12 ஆண்டு அவகாசம். மாதச் சம்பளக்காரர் என்பதால் சம்பள ஜப்திதான் வேகமான வழி. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தைத் தொட ஏகப்பட்ட வரம்பு உண்டு. ஆனால் ஜீவனாம்ச டிகிரிக்குச் சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவில் மூன்றில் ஒரு பங்குதான் பாதுகாப்பு. மீதி மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம். கம்பெனியின் சரியான பெயர், சம்பளம் போடும் அலுவலக முகவரி இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பழைய முகவரிக்கு உத்தரவு போய்த் திரும்பி வருவதில்தான் மாதக்கணக்கில் வீணாகும். இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

144-ல் உத்தரவு வாங்கியவர்களுக்கு விதி வேறு. பாக்கிக்கு வாரண்ட் கேட்கும் மனுவைத் தொகை நிலுவையான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஒருமுறை காலத்துக்குள் போட்டுவிட்டால், அது நிலுவையில் இருக்கும்போது ஏறும் புதுப் பாக்கியை அதே மனுவில் ஐ.ஏ. போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. தீராது, 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓராண்டு தாண்டினால் உரிமையே போய்விட்டது என்பதும் தவறு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு தாய், மகன் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. ஓராண்டு என்பது அந்த வாரண்ட் வழிக்கு மட்டும்தான் எல்லை, பாக்கியை உரிமையியல் வழியில் வசூலிக்கலாம்.

வைகைக்கரை வக்கீல் எழுதியது:

மனுவின் பிரார்த்தனைப் பகுதி (நீதிமன்றத்திடம் என்ன கேட்கிறோம் என்பது) எழுதும்போது இரண்டு விஷயம் யோசியுங்கள். ஆண்டுதோறும் உயர்வு கேளுங்கள், இல்லாவிட்டால் எட்டாம் வகுப்பில் மறுபடி இதே மனு. 2025 மே மாதம் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மனைவிக்கான தொகையில் 2 ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வை உத்தரவிலேயே சேர்த்தது. அதைக் காட்டலாம்.

பள்ளிக் கட்டணத்தைத் தனியாகப் பிரித்து "ரசீது காட்டிய 15 நாளில் 80 சதவீதம் தந்தை கட்ட வேண்டும்" என்று கேட்கலாமா என்பது அடுத்தது. கட்டணம் ஏறும்போது தானாகவே அவர் பங்கும் ஏறும், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் கட்டாவிட்டால் ஈ.பி.யில் ஒவ்வொரு ரசீதையும் நிரூபிக்க வேண்டும். சம்பள ஜப்திக்கு நிலையான மாதத் தொகைதான் சுலபம். அவர் இதுவரை ஒழுங்காகக் கட்டி வந்தவர் என்றால் பிரித்துக் கேளுங்கள், இழுத்தடிப்பவர் என்றால் மொத்தமாக மாதத் தொகையிலேயே சேருங்கள்.

உயர்வு பொதுவாக மனுத் தேதியிலிருந்துதான் கிடைக்கும். 8,000-க்கும் 17,000-க்கும் நடுவே மாதம் 9,000 இருக்கிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவ்வளவு நஷ்டம். மனுவோடு இடைக்கால உயர்வுக்கும் ஐ.ஏ. போடுங்கள். இடைக்கால மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இரண்டு மூன்று மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பிரமாணப் பத்திரம் போடாமல் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தால், ரஜ்னேஷ் தீர்ப்பில் இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது என்றும், மேலும் இழுத்தால் எதிர்வாதத்தையே நீக்கலாம் என்றும் இருக்கிறது. அந்தப் பத்தியை மெமோவாகக் கொடுங்கள்.

18 வயதுக்குப் பிறகு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 26-ம் 144-ம் மைனர் பிள்ளைக்குத்தான். உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் மட்டும் 144-ல் 18-க்கு மேலும் உண்டு. ஆனால் மகளுக்கு 1956 சட்டம் 20(3) தனி வழி: திருமணம் ஆகாமல், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் வரை தந்தையிடம் கேட்கலாம். 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மகனுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. மகனுள்ளவர்கள் பரஸ்பர சம்மத மனு எழுதும்போதே "பட்டப்படிப்பு முடியும் வரை" என்று போட்டுக்கொள்வது நல்லது.

மதுரைக்காரி எழுதியது:

தெளிவாகிவிட்டது. இந்த வாரமே போட முடியுமா? வக்கீல் கட்டணம்தான் யோசனை.

படிக்கட்டு எழுதியது:

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மதுரை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் எழுதிக் கொடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். மகளின் பிறப்புச் சான்றும் தங்கையின் ஆதாரும் எடுத்துப் போகட்டும். மனுதாரர் பெயர் "மைனர் இன்னார், காப்பாளர் தாய் இன்னார் மூலம்" என்று வர வேண்டும், தாய் பெயர் மட்டும் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. 2021 டிகிரிக்கும் கூட்டு மனுவுக்கும் சான்றிட்ட நகல் கையில் இருக்கிறதா? ஜெராக்ஸ் வைத்துப் போட்டால் ரிட்டர்ன். இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் நகல் மனுப் போட்டுவிடுங்கள், ஓ.பி. எண்ணும் டிகிரி தேதியும் இருந்தால் போதும்.